பால் கோகன் வேலையை விட்ட கதை: ஒரு வரவு செலவுக் கணக்கு

நல்ல சம்பளத்தில் இருக்கும் யாராவது வேலையை விட்டுவிட்டுப் படம் வரையப் போகிறேன், எழுதப் போகிறேன் என்று கிளம்பினால், பேச்சில் எப்படியும் பால் கோகன் பெயர் வந்துவிடும். பாரிஸ் பங்குச் சந்தையில் கொழுத்த வருமானம், மனைவி, ஐந்து பிள்ளைகள், எல்லாவற்றையும் ஒருநாள் உதறிவிட்டுப் பசிபிக் கடலிலுள்ள தாஹித்தித் தீவுக்குக் கப்பலேறி மகா ஓவியர் ஆனார் என்பது கதை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் பகல் முழுக்க அடுத்தவர்களின் வரவு செலவைச் சரிபார்க்கிற ஆள், தேதியும் தொகையும் இல்லாத கதை எனக்கு உள்ளே இறங்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் வரிசையாக எழுதிப் பார்த்தேன். வேலையை விட்டது 1883. தாஹித்திக்குக் கப்பலேறியது 1891. நடுவில் எட்டு வருஷம் கதையில் காணோம். நான் இங்கே எழுதப்போவது பெரும்பாலும் அந்த எட்டு வருஷத்தைப் பற்றித்தான்.

வேலையும் வியாதியும் ஒரே வீட்டிலிருந்து

கோகன் பிறந்தது 1848இல், பாரிஸில். அப்பா பத்திரிகைக்காரர். அடுத்த வருஷமே குடும்பத்தோடு பெரு நாட்டுக்குப் போகிற வழியில் இறந்துபோனார். சின்ன வயது லிமா நகரத்தில் கழிந்தது. பிறகு பிரான்ஸ், பதினேழு வயதில் சரக்குக் கப்பல் வேலை, அப்புறம் கடற்படை. 1871இல் கரைக்குத் திரும்பியபோது அம்மாவும் இல்லை. குஸ்தாவ் அரோசா என்ற பணக்காரர்தான் காப்பாளர். அவர்தான் 1872இல் ஒரு பங்குத் தரகு அலுவலகத்தில் பையனைச் சேர்த்துவிட்டார். இந்த அரோசா நிதித் தொழிலில் இருந்தவர் மட்டுமல்ல, படங்களை வாங்கிச் சேர்க்கும் பித்தும் உள்ளவர். அவர் வீட்டுச் சுவர்களில் டெலக்ருவா, கூர்பே, பிஸ்ஸாரோ என்று அந்தக் காலத்து ஓவியர்கள் எல்லாரும் தொங்கினார்கள். ஆக, வேலையும் வியாதியும் ஒரே வீட்டிலிருந்து வந்தன.

வேலையில் கோகன் சோடை போகவில்லை, இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இடையில் நிறுவனங்கள் மாறினாலும் பதினோரு வருஷம் அதே தொழிலில் இருந்தார். 1873இல் மெட்டே காட் என்ற டென்மார்க் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். 1879 வாக்கில் வருஷ வருமானம் 30,000 பிராங்கைத் தொட்டதாகச் சொல்வார்கள். அன்றைய பாரிஸில் கூலித் தொழிலாளி ஒருவருக்குக் கிடைத்தது நாளுக்கு 5 பிராங்க் அளவில்தான். வந்த பணத்தில் ஒரு பங்கு படங்களுக்குப் போனது. பிஸ்ஸாரோ, செசான், மானே, ரெனுவார் என்று அப்போது ஊர் சிரித்துக்கொண்டிருந்த ஆட்களின் படங்களாக வாங்கினார். சந்தைக்காரனின் மூக்கு அது. விலை குறைவாக இருக்கும்போதே மோப்பம் பிடித்துவிட்டார்.

அதோடு வரையவும் செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் மாலை நேரங்களிலும் வரைந்தார், அதே அலுவலகத்தில் வேலை பார்த்த எமில் ஷுஃப்னெக்கேர் என்ற நண்பரும் கூடவே பழகினார். (இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.) 1876இல் அரசாங்கக் கண்காட்சியான சலோனில் இவருடைய இயற்கைக் காட்சி ஒன்றை ஏற்றுக்கொண்டார்கள். பிஸ்ஸாரோவே பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார். 1879, 1880, 1881, 1882 என நான்கு முறை இம்ப்ரெஷனிஸ்டுகள் என்ற புதுப் பாணி ஓவியர்களோடு சேர்ந்து காட்சிக்கு வைத்திருந்தார். அதாவது வேலை போன அன்று இந்த ஆளுக்குப் பத்து வருஷப் பயிற்சியும், நான்கு கண்காட்சிகளும், ஊரிலேயே சிறந்த ஆசானும், ஓரளவு பேரும் இருந்தன. "ஒருநாள் திடீரென்று" என்கிற வார்த்தை இங்கேயே அடிபட்டுப் போகிறது.

1882 ஜனவரி

இந்த மாதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் கோகன் கதையைச் சொல்கிறவர்கள் பாதிப் பேர் இதை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

1878இல் யூனியோன் ஜெனரால் என்றொரு வங்கியை ஆரம்பித்தார்கள். பங்கு ஒன்று 500 பிராங்க். கத்தோலிக்கக் குடும்பங்கள், சின்னச் சின்ன முதலீட்டாளர்கள், பாதிரிமார்கள் என்று எல்லாரும் வாங்கினார்கள். 1881 முடிவதற்குள் விலை 3,000 பிராங்கைத் தாண்டியது. அந்தக் காலத்துப் பாரிஸ் சந்தையில் கையில் முழுப் பணம் இல்லாமலே வாங்கலாம், தவணை நாள் வரும்போது தீர்த்தால் போதும். விலை ஏறுகிற வரைக்கும் எல்லாரும் புத்திசாலிகள். 1882 ஜனவரியில் அது சரிந்தது, வங்கி மூழ்கியது, தவணையைத் தீர்க்க முடியாமல் தரகர்கள் தவித்தார்கள், நாட்டின் மத்திய வங்கியான பிரான்ஸ் வங்கி கடன் கொடுத்துத் தாங்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று. பிரான்ஸில் வியாபாரம் பல வருஷத்துக்கு மந்தமாகவே கிடந்தது.

கோகன் அடுத்த வருஷம் வேலையில் இல்லை. அவரே விட்டார் என்று ஒரு சாரார், விடச் சொன்னார்கள் என்று இன்னொரு சாரார். என் அனுபவத்தில் இது இரண்டும் ஒன்றாகவே நடக்கும். சந்தை படுத்திருக்கும்போது அலுவலகத்தில் பேச்சு மாறும், நாற்காலி ஆடும், மனதுக்குள் ஏற்கெனவே ஒரு ஆசையும் இருக்கும், ஒரு நாள் "சரி, போகிறேன்" என்று வாய் சொல்லிவிடும். வெளியே தள்ளினார்களா, தானாக இறங்கினாரா என்பது அதற்கப்புறம் எப்படிச் சொல்லிக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. 1883 டிசம்பரில் கடைசிப் பையன் பிறந்தபோது பதிவேட்டில் தகப்பன் தொழில் என்ற இடத்தில் ஓவியர் என்று எழுதவைத்தார். வயது 35.

இப்போது கணக்கில் உள்ள ஓட்டைக்கு வருகிறேன். கோகனின் திட்டம் முட்டாள்தனமானதில்லை. கையில் கொஞ்சம் சேமிப்பு, விலை ஏறக்கூடிய படங்கள், ஓவிய வியாபாரிகளோடு பழக்கம். இம்ப்ரெஷனிஸ்டுகளின் பெரிய வியாபாரியான துரான்-ரூயெல் 1881இல் இவருடைய படங்களையும் வாங்கியிருந்தார். சந்தை போனால் போகட்டும், ஓவியம் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றும். ஆனால் துரான்-ரூயெலுக்கு அந்தப் படங்களை வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? யூனியோன் ஜெனரால் வங்கியின் நிர்வாகிகளில் ஒருவரான ழூல் ஃபெதர் கொடுத்த கடனிலிருந்து. வங்கி விழுந்ததும் கடனைத் திருப்பிக் கேட்டார்கள், துரான்-ரூயெல் திணறினார், படம் வாங்குவது நின்றது. பிஸ்ஸாரோ, மோனே எல்லாரும் அந்த அடியை உணர்ந்தார்கள்.

ஒரு தோணி கவிழ்ந்தால் இன்னொன்றில் தாவிக்கொள்ளலாம் என்று கோகன் நினைத்தார், இரண்டும் ஒரே கயிற்றில்தான் கட்டியிருந்தன. சந்தையில் பதினோரு வருஷம் இருந்தவருக்கு இது தெரியாமல் போனதுதான் எனக்கு வியப்பு. அல்லது தெரிந்தும், பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்திருப்பார். மாற்று வருமானம் என்று நாம் எழுதிவைப்பதில் பாதி, பழைய வருமானம் வந்த அதே குழாயிலிருந்துதான் வருகிறது என்பதை நான் நிறைய பேருடைய கணக்குகளில் பார்த்திருக்கிறேன்.

ரூவான், கோபன்ஹேகன், தார்ப்பாய்

1884 ஆரம்பத்தில் குடும்பத்தோடு ரூவான் நகரத்துக்குப் போனார். வாழ்க்கைச் செலவு குறைவு, பணக்கார வியாபாரிகள் இருக்கிறார்கள், படம் விற்கும் என்பது கணக்கு. விற்கவில்லை. வருஷம் முடிவதற்குள் சேமிப்பு கரைந்தது. மெட்டே பிள்ளைகளோடு பிறந்த ஊரான கோபன்ஹேகனுக்குப் போய்விட்டார், கோகனும் பின்னாலேயே போனார்.

அங்கே அவர் பார்த்த வேலை என்ன தெரியுமா? தார்ப்பாய் விற்பது. பிரான்ஸில் ஒரு நிறுவனம் தயாரித்த, தண்ணீர் புகாத கித்தான் துணிக்கு டென்மார்க் பிரதிநிதி. டேனிஷ் மொழியில் நாலு வார்த்தை தெரியாத பிரதிநிதி. டென்மார்க்காரர்களுக்குப் பிரெஞ்சுத் தார்ப்பாய் தேவைப்படவும் இல்லை. உப்பு விற்கப் போனால் மழை, மாவு விற்கப் போனால் காற்று என்பது மாதிரி ஆகிவிட்டது. கைதேர்ந்த தரகர் ஒருவரால் எதையும் விற்க முடியும் என்றுதான் நாம் நினைப்போம், ஆனால் பாரிஸில் அவர் பிழைத்தது மொழியையும் அறிமுகங்களையும் ஏறிக்கொண்டிருந்த சந்தையையும் வைத்து. மூன்றும் இல்லாத ஊரில் அந்தத் திறமை செல்லாக்காசு.

1885 நடுவில் ஆறு வயது மகன் க்லோவிஸை மட்டும் கூட்டிக்கொண்டு பாரிஸுக்குத் திரும்பினார். மற்ற நான்கு பிள்ளைகளும் தாயோடு. அந்தக் குளிர்காலம்தான் இந்தக் கதையின் அடிமட்டம். பையனுக்கு அம்மை போட்டது, வீட்டில் காசில்லை, கோகன் சுவரொட்டி ஒட்டும் வேலைக்குப் போனார். நாளுக்கு 5 பிராங்க்.

வருஷத்துக்கு 300 வேலை நாள் என்று வைத்தால் 1,500 பிராங்க். முன்பு வாங்கியதில் இருபதில் ஒரு பங்கு. விட்டது 1883, இது 1885-86. இரண்டே வருஷம்.

அதற்கப்புறம் உள்ளதை வேகமாகச் சொல்லிவிடலாம். 1886இல் பிரான்ஸின் மேற்கே பிரிட்டனி பகுதியிலுள்ள போன்-தாவென் என்ற ஊர், அங்கே கடனுக்குச் சோறு போட்ட விடுதிக்காரம்மா. 1887இல் பனாமா, கால்வாய் வெட்டும் வேலையில் கொஞ்ச நாள், பிறகு மார்த்தினிக் தீவு. 1888இல் ஆர்ல் நகரத்தில் வான்கோவோடு இரண்டு மாதம். அந்த ஆர்ல் பயணத்தைக் கலைப் புனிதயாத்திரை மாதிரி எழுதுவார்கள், பேரேட்டில் அது வேறு மாதிரி தெரிகிறது: வான்கோவின் தம்பி தியோ மாதம் 150 பிராங்க் தருவார், பதிலுக்கு மாதம் ஒரு படம். கோகனுக்கு அப்போது மாதாமாதம் நிச்சயமாக வரக்கூடிய தொகை அது ஒன்றுதான். நானாக இருந்தாலும் போயிருப்பேன்.

செலவுப் பக்கம் யார் பெயரில்

இனி மெட்டே. இவரைக் கலை புரியாத, பணமே குறியான மனைவி என்று எழுதி வைத்தவர்கள் ஏராளம். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இவர் கல்யாணம் செய்துகொண்டது ஒரு பங்குத் தரகரை. பத்து வருஷம் கழித்து, ஐந்தாவது பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போது, வீட்டு வருமானம் பூஜ்யமானது. அதைப் பற்றி அவரிடம் கேட்டு முடிவெடுத்ததாக எதுவும் தென்படவில்லை. கோபன்ஹேகனில் அவர் தூதரக வேலைக்குத் தயாராகும் இளைஞர்களுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார், பிரெஞ்சு நாவல்களை டேனிஷில் மொழிபெயர்த்தார், பிள்ளைகளை வளர்த்தார். கோகன் தரகராக இருந்தபோது வாங்கிச் சேர்த்த படங்களை ஒவ்வொன்றாக விற்று வீட்டை ஓட்டினார்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. கோகன் பழைய வேலையில் சம்பாதித்ததில் கடைசி வரை கைகொடுத்தது அந்தப் படங்கள்தான். ஓவியப் பைத்தியம் என்று கெட்ட செலவாக எழுதியிருக்க வேண்டியது, குடும்பத்துக்கு ஒரே வைப்புநிதியாக ஆகிவிட்டது. செசானின் பழத்தட்டுப் படம் ஒன்றை மட்டும் கோகன் விற்க விடவில்லை, அதன் மேல் அவ்வளவு பிரியம், கடைசியில் உடம்பு கெட்டு மருத்துவச் செலவு வந்தபோதுதான் அதுவும் கைமாறியது. இன்று அது நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1893இல் கோபன்ஹேகனில் ஒரு கண்காட்சியில் கோகனின் தாஹித்திப் படங்கள் வைக்கப்பட்டன. அந்த வேலையில் முன்னின்றவர் மெட்டே. டென்மார்க்கில் அவர் படங்களை விற்றுக் கொடுத்தவரும் அவரே. கலை புரியாத மனைவியாம்.

பணம் வந்தபோது என்ன ஆனது என்பதையும் எழுதத்தான் வேண்டும். 1891 பிப்ரவரியில் பாரிஸ் துருவோ ஏல அரங்கில் கோகனின் 30 படங்கள் ஏலம் போயின, கிட்டத்தட்ட 10,000 பிராங்க் கிடைத்தது. அது தாஹித்திக்குப் போகிற செலவுக்கு. கிளம்புமுன் கோபன்ஹேகன் போய்ப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்தார், அதற்குப் பிறகு அவர்களைப் பார்க்கவே இல்லை. 1893இல் பிரான்ஸ் திரும்பிய சமயத்தில் சித்தப்பா இறந்து 13,000 பிராங்க் சொத்துப் பங்கு வந்தது. அதில் மெட்டே கைக்குப் போனது சொற்பம். 1897இல் மகள் அலின் பத்தொன்பது வயதில் நிமோனியாவில் இறந்தாள். அந்தச் செய்தியோடு கடிதப் போக்குவரத்தும் நின்றுபோனது. அம்மை போட்டுப் பிழைத்த க்லோவிஸ் 1900இல் இறந்தான்.

தாஹித்தியில் வேறொரு கணக்கும் திறந்தது. பதின்மூன்று வயது மதிக்கத்தக்க தெஹாமானா என்ற சிறுமியை மனைவி என்று வைத்துக்கொண்டார், பிறகும் அந்த வயதுப் பெண்களோடுதான் வாழ்ந்தார். காலனி நாட்டில் வெள்ளைக்காரனுக்கு அது தடையில்லாமல் நடந்தது. இதைக் கலைஞனின் சுதந்திரம் என்று எழுதுகிறவர்களோடு எனக்குப் பேச ஒன்றுமில்லை.

பக்கத்து மேஜைக்காரர்

ஷுஃப்னெக்கேர் பெயரை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா. ஒரே அலுவலகம், ஒரே வயதுக்காரர் என்றே சொல்லலாம், ஒரே ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம், அதே சந்தைச் சரிவு. அவரும் வேலையை விட்டார். விட்டுவிட்டு, ஓவிய ஆசிரியருக்கான தேர்வு எழுதி, 1884இல் பாரிஸை ஒட்டிய வான்வ் என்ற ஊரில் பள்ளி ஒன்றில் ஓவிய வாத்தியார் ஆனார். முப்பது வருஷம் அதே பள்ளி. சம்பளம் பெரிதல்ல, ஆனால் மாதாமாதம் வந்தது. வீடு நிலைத்தது, தன் பாட்டுக்கு வரைந்தார், நடுவர் குழு இல்லாத கண்காட்சியைத் தொடங்கிய ஓவியர்களில் ஒருவராகவும் இருந்தார். கோகனுக்குத் தங்க இடமில்லாதபோதெல்லாம் அவர் வீட்டுக் கதவுதான் திறந்தது. 1889 உலகக் கண்காட்சியின்போது அந்த வளாகத்திலேயே ஒரு காபிக் கடைச் சுவரில் கோகனின் படங்களைத் தொங்கவிட ஏற்பாடு செய்ததும் இவர்தான்.

அதே 1889இல் கோகன் ஷுஃப்னெக்கேர் குடும்பத்தை வரைந்தார். படம் இப்போது பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முன்னால் மனைவியும் இரண்டு குழந்தைகளும், பின்னால் ஓரமாக, கைகளைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வந்த கடன்காரன் மாதிரி கூனி நிற்கிறார் வீட்டுக்காரர். சோறு போட்டவரை இப்படி வரைந்திருக்கிறார். அபாரமான படம் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதுதான் எரிச்சல்.

இரண்டு பேரும் ஒரே இடத்திலிருந்து கிளம்பினார்கள். ஒருவர் பெயரில் உலகம் முழுக்க அருங்காட்சியகங்களில் படம், இன்னொருவர் முதலாமவரின் வாழ்க்கை வரலாற்றில் அடிக்குறிப்பு. இதைப் பார்த்து, முழுசாகக் குதித்தால்தான் கலை கிடைக்கும், வாத்தியார் வேலை கலையைத் தின்றுவிடும் என்று முடிவு கட்டுவது சுலபம். எனக்கு அது ஒத்துவரவில்லை. ஷுஃப்னெக்கேரின் படங்களைப் பார்த்தால் திறமை அளவுக்குட்பட்டதுதான், கோகனைப் போல அவர் குதித்திருந்தால் இன்னொரு கோகன் வந்திருக்க மாட்டார், வான்வில் இன்னொரு குடும்பம் தெருவுக்கு வந்திருக்கும், கோகனுக்கும் ஒரு வேளைச் சோறு குறைந்திருக்கும். குதித்து முங்கிப் போனவர்களின் படங்கள் எந்தச் சுவரிலும் இல்லை, அதனால் நம் கண்ணில் படுவதும் இல்லை.

ஆங்கிலேயத் தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976இல் இந்தக் கோகனையே, கதையைக் கொஞ்சம் எளிமையாக்கி, உதாரணமாக எடுத்துக்கொண்டு ஒரு சங்கடமான கேள்வியைக் கிளப்பினார். குடும்பத்தைக் கைவிட்டது சரியா தவறா என்பதற்கான நியாயம், பின்னால் படம் நன்றாக வந்ததா என்பதில் தொங்குகிறதே, அதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு இருக்கிறதே என்பது அவர் வாதம். தத்துவவாதிகள் இதை ஐம்பது வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கணக்கு எழுதுகிறவனுக்கு வேறொன்று உறுத்துகிறது: கோகனுக்கு வாழ்நாளில் அந்த அதிர்ஷ்டம்கூட முழுசாக வரவில்லை, அவருக்காகச் செலவு செய்தவர்களுக்கு ஒருபோதும் வரவில்லை.

கடைசிப் பக்கம்

1900இல் அம்ப்ருவாஸ் வொலார் என்ற பாரிஸ் வியாபாரி கோகனோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். மாதம் 300 பிராங்க் முன்பணம், வருஷத்துக்குக் குறைந்தது 25 படம், படம் ஒன்றுக்கு 200. பதினேழு வருஷப் போராட்டத்துக்குப் பிறகு ஆண்டுக்கு 3,600 பிராங்க் கைக்கு நிச்சயம், தரகராக இருந்தபோது வந்ததில் எட்டில் ஒரு பங்கு. ஆனாலும் அது மாதச் சம்பளம். அந்தத் தைரியத்தில்தான் அடுத்த வருஷம் மார்க்கேசாஸ் தீவுகளில் ஹீவா ஓவா என்ற இடத்தில் நிலம் வாங்கி வீடு கட்டினார். மாதச் சம்பளத்தை வெறுத்துக் கிளம்பியவர் என்று சொல்லப்படுகிறவர், மாதச் சம்பளம் வந்ததும் முதலில் செய்தது அதுதான்.

1903 மே 8ஆம் தேதி அங்கேயே இறந்தார், வயது 54. தட்டுமுட்டுச் சாமான்களை அங்கேயே விற்றார்கள், படங்களையும் மிச்சத்தையும் தாஹித்தியின் தலைநகர் பப்பேத்தேக்குக் கொண்டுபோய் ஏலம் போட்டார்கள். அதில் ஒன்று பனி மூடிய பிரிட்டனி கிராமம். ஏலம் விட்டவர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நயாகரா அருவி என்று கூவினார் என்று சொல்வார்கள். விக்டோர் செகாலென் என்ற இளம் கடற்படை மருத்துவர் அதை எடுத்தார். ஓர்சே அருங்காட்சியகத்தில் அது இப்போது நேராகத் தொங்குகிறது. அன்று அவர் கொடுத்த விலை 7 பிராங்க், சுவரொட்டிக் காலத்துக் கூலியில் ஒன்றரை நாள்கூட இல்லை.